உறைபனியில் ஓர் உருட்டு

டூகல் பேர்ட் தன் அறுபத்தைந்து வருஷ வாழ்க்கையில் மூன்று பெரிய முடிவுகளை எடுத்திருந்தார். முதலாவது, பஸ் ஓட்டுவது. இரண்டாவது, எஃபியைக் கட்டிக்கொள்வது. அந்த இரண்டாவது முடிவை எடுத்தது எஃபிதான், இவர் தலையை மட்டும் ஆட்டினார். இருந்தாலும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். மூன்றாவதை அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு, ஒரு கிண்ணம் கஞ்சியை முறைத்துக்கொண்டே எடுத்தார். இனிமேல் காலை வேளையில் இந்த வீட்டில் இருப்பதில்லை.

ஓட்ஸ் கஞ்சியைக் குறைசொல்கிறவன் ஸ்ட்ராத்பெக் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அது உப்புப் போட்ட கஞ்சி. டூகலின் கஞ்சியில் உப்பு இல்லை. கோடையில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொழுப்பு கூடிவிட்டது, பேக்கன் கூடாது, வெண்ணெய் கூடாது, உப்பு கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். டாக்டரம்மா ஒரே தடவைதான் சொன்னார். எஃபி அதையே தினமும் மூன்று வேளை சொன்னாள். வாணலியைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆறு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு தினமும் காலை பத்து மணிக்குக் குன்றுக்கு நடக்கப் போகிறவள், இவரையும் வரச் சொன்னாள். ஏழு பெண்களுக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு, அவர்கள் பேசுவதையும் கேட்டுக்கொண்டு குன்றேறுவதை நினைத்தாலே டூகலுக்கு முட்டி வலித்தது.

"கொழுப்பு ரத்தத்துல மட்டும் இருந்தா நடந்தே கரைச்சிரலாம். உங்களுக்கு வாயிலயும்ல இருக்கு," என்பாள் எஃபி.

அவருக்கு வேண்டியதெல்லாம் காலையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பன். பன்னுக்குள் மொறுமொறுவென்று மூன்று துண்டு பேக்கன், உப்பும் புகையும் ஏறிய பன்றிக்கறி. பேக்கன் மேல் தாராளமாகப் பழுப்பு சாஸ். ராஜ்யமா கேட்டார் மனுஷன்?

வழி, அந்த வாரக் கடைசியில் உருட்டுப்பந்துக் கழகத்தின் கூட்டத்தில் கிடைத்தது.

உருட்டுப்பந்து என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேசை மாதிரி மட்டமான ஒரு சதுரப் புல்தரை. கனத்த கறுப்புப் பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் யார் நிறுத்துகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. டூகல் பந்தை உருட்டி ஒருநாளும் ஜெயித்ததில்லை. வாயால் விடுகிற உருட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை.

போன குளிர்காலத்தில் அந்தத் தரைக்குப் பூஞ்சை நோய் வந்தது. முதலில் ஆரஞ்சுப் புள்ளிகள். பிறகு தட்டு அகலத்துக்குப் பழுப்பு வட்டங்கள், ஓரமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. ஏப்ரல் மாதத் திறப்பு விழா ஆட்டத்துக்கு வந்த பால்முர் ஊர்க்காரர்கள், தரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதா, தலைக்கு வேப்பிலை கட்டியிருக்கலாமே என்கிற தினுசில் துக்கம் விசாரித்தார்கள். அன்றைக்கு உருட்டிய பந்தெல்லாம் வட்டத்துக்கு வட்டம் விழுந்து எழுந்து, குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி போனது. ஸ்ட்ராத்பெக் படுதோல்வி. ஊரே தலைகுனிந்தது. தலைவர் லோகன் ஒரு மாதம் சவரம் செய்துகொள்ளவில்லை.

அந்த லோகன்தான் இப்போது எழுந்து நின்று பேசினார். அடிக்கிற மருந்தெல்லாம் ஒவ்வொன்றாகக் கடையை விட்டே போய்விட்டது, இனி பழைய வழிதான் என்றார். உரத்தை நிறுத்தியாயிற்று, சருகை அள்ளியாயிற்று, தரை மூச்சுவிடத் துளையும் போட்டாயிற்று. பாக்கி ஒன்றுதான். புல் ஈரமாக நின்றால்தான் பூஞ்சை பிடிக்கும். ஆகவே புல்நுனியில் நிற்கும் பனித்துளியை தினமும் காலையில் தட்டிவிட வேண்டும். பன்னிரண்டு அடி நீளத்தில், வளைந்து கொடுக்கும் கழி ஒன்று இருக்கிறது. அதை இடமும் வலமும் வீசிக்கொண்டே தரை முழுக்க நடக்க வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும், ஒரு நாள் விடாமல், வெளுக்கிற நேரத்தில். யார் வருகிறீர்கள் என்று கேட்டார்.

எல்லோரும் அவரவர் ஷூவைக் குனிந்து ஆராய்ந்தார்கள். டூகல் கையைத் தூக்கினார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த எஃபி, கோப்பை நிரம்பிச் சாசரும் நிரம்பி மேசையில் வழிகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சுடலையே. என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"ஊருக்கு உழைக்கணும்னு ஒரு ஆசை."

"நம்ம வாசல்ல கிடக்கிற சருகை அள்ளுங்கன்னு சொல்லி மூணு வாரமாச்சு."

"அது வீடு. இது ஊரு."

எஃபி உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா அதே தரையை முப்பத்தோரு வருஷம் பராமரித்தவர். அவள் நடை பழகியதே அந்தப் புல்லில்தான்.

"சரி, கேட்டுக்கோங்க. பனியில ரெண்டு இருக்கு. துளியா நின்னா தட்டணும். உறைஞ்சு வெள்ளையா கிடந்தா தரையில காலே வைக்கக்கூடாது. வச்சா புல்லு நொறுங்கும். வச்ச இடமெல்லாம் கறுத்துப்போகும், அந்தக் காயத்துலதான் பூஞ்சை முதல்ல பிடிக்கும். அந்த மாதிரி நாள்ல எங்கப்பா கேட்டைப் பூட்டிட்டு வீட்டுக்கே வந்துருவாரு. என்ன சொன்னேன்?"

"பனி."

"எந்தப் பனி?"

"ரெண்டும்."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் காது அங்கே இல்லை, மூக்கும் அங்கே இல்லை. இரண்டும் இன்னிஸின் குடிலில் இருந்தன. இன்னிஸ் கழகத்தின் காவல்காரன், சமையல்காரன், சாராயம் ஊற்றுகிறவன் எல்லாம் ஒன்றாக. தரையோரத்து மரக்குடிலில் தினமும் காலையில் அடுப்பு மூட்டுவான். அந்த அடுப்பின் மேல் ஒரு வாணலி இருக்கும். அதற்குப் பூட்டு கிடையாது.

முதல் நான்கு நாள் டூகல் நேர்மையாகவே தட்டினார். கழியை வீச வீச, சாம்பல் பூத்த தரையில் பச்சைப் பட்டைகள் விழுந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் தோள் வலித்தது. ஆறாம் நாள் பாதித் தரை. ஏழாம் நாள் குடிலுக்கு எதிரே இருக்கும் ஓரம் மட்டும். எட்டாம் நாளிலிருந்து கழி சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்தது, டூகல் அடுப்போரத்தில் சாய்ந்து ஓய்வெடுத்தார்.

சாட்சிக்கு என்ன செய்வது? பனி தட்டுகிறவனுடைய பூட்ஸ் ஈரமாக இருக்க வேண்டும் அல்லவா. குடிலின் பின்னால் ஒரு பூவாளி இருந்தது. கிளம்பும்போது வலது காலுக்கு இரண்டு ஊற்று, இடது காலுக்கு இரண்டு ஊற்று. முழங்காலில் கொஞ்சம் தெளிப்பு. அவ்வளவுதான், மாவீரன் வீடு திரும்பினார்.

வேஷம் கட்டியவருக்கு அந்த வேஷத்தின் மேலேயே பக்தி வந்துவிடும். டூகலுக்கும் வந்தது. ஒருநாள் எஃபி காளான் சூப் வைத்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன இது?"

"காளான். கொழுப்பே கிடையாது. டாக்டரம்மா சொன்னாங்க."

"எஃபி, நான் யாரு? பூஞ்சைக் காளானை எதிர்த்துப் போராடுறவன். பகையாளியைப் பந்தியில உக்கார வைக்கலாமா? இனிமே இந்தக் காளான் என் வாயில படாது. சாகிற வரைக்கும் படாது."

எஃபி அவருடைய சூப்பையும் தானே குடித்தாள். பூஞ்சையோடு போராடும் பூஞ்சை உடம்புக்காரர் என்று தோழிகளிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாளாம்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் ஊரே வெள்ளையாக விடிந்தது. கூரை வெள்ளை, வேலி வெள்ளை, நிறுத்தி வைத்திருந்த கார் வெள்ளை. பால்காரர் வைத்துவிட்டுப் போன பாட்டிலில் மூடியைத் தள்ளிக்கொண்டு பால் உறைந்து நின்றது. டூகல் வழக்கம்போல் போனார், வழக்கம்போல் தின்றார். பூவாளியில் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகக் கிடந்தது. விட்டாரா? இன்னிஸின் கெட்டிலில் இருந்த வெந்நீரை ஊற்றி அதை உருக்கி, பூட்ஸ் இரண்டையும் நனைத்துக்கொண்டு, வழுக்கி விழாமல் வீடு வந்து சேர்ந்தார்.

எஃபி ஜன்னலோரத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பூட்ஸைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் பூட்ஸைப் பார்த்தாள்.

"இன்னிக்குப் பனி எப்படிங்க?"

"ஏன் கேக்கிற. கொட்டோ கொட்டுன்னு கொட்டிருக்கு. முழங்கால் வரைக்கும் நனைஞ்சிட்டேன்."

"எல்லாத்தையும் தட்டிட்டீங்களா?"

"மூணு சுத்து. ஒரு மூலை விடல."

"மூணு சுத்தா?"

"கடமைன்னு வந்துட்டா எனக்கு ரெண்டு போதாது."

"பாவம், உக்காருங்க. களைச்சுப்போயிருப்பீங்க," என்றாள் எஃபி. கஞ்சியை இன்னொரு கரண்டி சேர்த்து ஊற்றினாள். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை டூகல் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அன்று மதியம் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே போய்வந்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் எல்லாமே இனிப்பாக நடந்தது. எஃபி தன் நடையைப் பத்து மணியிலிருந்து ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டாள். சூரிய உதயம் பார்க்கப் போகிறார்களாம். டிசம்பர் மாதத்து ஸ்ட்ராத்பெக்கில் சூரியனே எட்டரை மணிக்குமேல் அரை மனதாகத்தான் எட்டிப் பார்க்கும். ஏழு பெண்கள் ஏழு டார்ச் விளக்கோடு இருட்டில் போவதைப் பார்த்து, பெண்களுக்கு எப்போதுமே அவசரம் என்று டூகல் போர்வைக்குள் சிரித்தார். அவர் எட்டரைக்குக் கழகத்துக்குப் போகும்போது, தரையில் துளி ஈரம் இருக்காது. பச்சைப் பசேலென்று, துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

"பாத்தியா இன்னிஸ், இந்த வருஷம் பனியே இல்ல," என்பார்.

இன்னிஸ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் இருமுவான்.

பேக்கன்கூட மாறியிருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் மெல்லிசு, கொஞ்சம் மொறுமொறுப்பு, புகை வாசம் தூக்கலாக. கேட்டதற்குக் கறிக்கடையை மாத்திட்டேன் என்றான் இன்னிஸ். டூகல் கண்ணை மூடி மென்றார். பழைய கடைக்காரனுக்குப் பன்றியைப் பற்றி ஒன்றும் தெரியாது, இவன்தான் பன்றியின் மனசறிந்தவன் என்று சான்றிதழ் கொடுத்தார். பழுப்பு சாஸை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

வீட்டுக் கொல்லையிலும் அந்த நாட்களில் புகை வாசம் அடித்தது. மீன் புகை போடுகிறேன் என்றாள் எஃபி. மீன் ஒன்றும் மேசைக்கு வரவில்லை. கேட்டால் வாங்கித் தின்ன வேண்டியிருக்குமே என்று டூகல் கேட்கவில்லை.

மார்ச்சில் டாக்டரம்மா மறுபடியும் ரத்தம் எடுத்தார். தாளைப் பார்த்தார், டூகலைப் பார்த்தார், பேர் சரிதானா என்று இன்னொரு தடவை கேட்டார். கொழுப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

"எதுல, டாக்டரம்மா? ரத்தத்துலயா வாயிலயா?" என்று எஃபி கேட்டாள்.

டூகல் அன்று இரவு வரைக்கும் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். ஐந்து மாதமாக நடக்கவில்லை, குனியவில்லை, தினமும் பேக்கன். கொழுப்பு பாதி. அப்படியென்றால் வைத்திய உலகமே தலைகீழாக நிற்கிறது, பேக்கன்தான் மருந்து. தரையையும் யோசித்தார். முதல் வாரத்துக்குப் பிறகு ஒருநாள்கூடத் தட்டவில்லை. ஒரு பூஞ்சை வட்டம்கூட இல்லை. அப்படியென்றால் பனி தட்டுவதும் கட்டுக்கதை. சும்மா இருந்தால் எல்லாமே தானாகச் சரியாகிவிடும் என்ற பேருண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் மனமார நம்பினார்.

ஏப்ரல் வந்தது. திறப்பு விழா. பால்முர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். கேலிக்குத் தயாராக வந்தவர்கள் தரையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது புல். பந்து உருண்டால் சத்தமே இல்லை. மதியத்துக்குள் ஸ்ட்ராத்பெக் ஜெயித்துவிட்டது. லோகனுக்குக் கண் கலங்கியது. எல்லோரையும் குடிலுக்குள் கூட்டி, ஒரு வெள்ளிக் கோப்பையைக் கையில் எடுத்து, இந்த மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஒருத்தர் இருக்கிறார், அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

டூகல் எழுந்தார். இரண்டு வார்த்தையில் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடமை என்றார். கால்வலி என்றார். தனிமை என்றார். கைதட்டல் வந்தது. கைதட்டல் கேட்டதும் மனுஷனுக்கு உருட்டு ஊறியது.

"நவம்பர் கடைசியில ஒருநாள், ஊரே வெள்ளையா உறைஞ்சு கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீங்கல்லாம் போர்வைக்குள்ள. நான் தரை மேல. மூணு சுத்து. ஒரு மூலை விடல."

கைதட்டல் வரவில்லை. யாரோ கையிலிருந்த கரண்டியைத் தவறவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பால்முர்க்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள்.

"டூகல்," என்றார் லோகன் மெல்ல. "உறைபனியில, தரையில நடந்தீங்களா?"

"நடந்தேனாவா? மிதிச்சு எடுத்தேன்."

லோகன் கதவுப் பக்கம் போனார். கதவில் ஆணியடித்து ஒரு தொப்பி மாட்டியிருந்தது. டூகலின் தொப்பிதான். ஆறு மாதமாக தினமும் அங்கேதான் மாட்டுவார். லோகன் அதை எடுத்தார். தொப்பிக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. அதில் சிவப்பு எழுத்தில், உறைபனி நாளில் தரையில் கால் வைப்பவர் கழகத்திலிருந்து ஆயுளுக்கும் நீக்கப்படுவார் என்று எழுதியிருந்தது. லோகன் அதை உரக்கப் படித்தார்.

ஆயுளுக்கும். குடில் போச்சு. அடுப்பு போச்சு. வாணலி போச்சு. இனி செத்துப்போகிற வரைக்கும் உப்பில்லாத கஞ்சி. அவர் கண் தன்னால் எஃபியைத் தேடியது.

எஃபி நிதானமாக ஒரு கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"ஐயா, இவரைத் தப்பா நினைக்காதீங்க. இவர் நடக்கல. இவரோட எடை தொண்ணூத்தாறு கிலோ. உறைபனியில மூணு சுத்து நடந்திருந்தா இந்நேரம் இது புல்தரையா இருக்காது, சதுரங்கப் பலகையா இருக்கும். நானும் அன்னிக்கு மதியமே வந்து பாத்தேன். ஒரு கறுப்பு அடி இல்ல."

லோகன் திரும்பினார். "டூகல், ஒண்ணு சொல்லுங்க. நடந்தீங்களா, நடக்கலையா?"

நடந்தேன் என்றால் கழகம் போகும். நடக்கவில்லை என்றால் மானம் போகும். டூகல் இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். கழகத்தில் பேக்கன் இருக்கிறது. மானத்தில் இல்லை.

"நடக்கல," என்றார்.

"அன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டாள் எஃபி.

"முதல் வாரம் போக, என்னிக்குமே."

"அப்ப யார்தான் தட்டினது?" என்று லோகன் கூவினார். பின்வரிசையில் ஆறு பெண்கள் எழுந்து நின்றார்கள். சூரிய உதயம் பார்க்கப் போனவர்கள். அவர்களோடு எஃபி ஏழு. நவம்பர் கடைசியிலிருந்து, தினமும் ஏழு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், கழியை முறைபோட்டு வீசியிருக்கிறார்கள். உறைந்த நாட்களில் மட்டும் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கோப்பை டூகலின் தலைக்கு மேலேயே கைமாறி எஃபியிடம் போனது. கூரை அதிரக் கைதட்டினார்கள். பால்முர்க்காரர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் இருவரும் வாசலுக்கு வந்தார்கள். எஃபியின் கையில் கோப்பை, டூகலின் கையில் தொப்பி.

"பந்தை உருட்டுற இடம்னு பேரு வச்சா, எதை வேணா உருட்டலாமா?" என்றாள் எஃபி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நாளையிலேருந்து குன்றுக்கு வாங்க. பத்து மணிக்கு."

"சரி."

"அக்டோபர்லேருந்து கழி உங்க கையில. கூட நான் வருவேன்."

"சரி."

எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். சொல்வதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. கோப்பை போனால் போகட்டும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். இந்த ஏழு பேரும் இருட்டில் நின்று உதறிக்கொண்டிருந்த நாளெல்லாம் தான் அடுப்போரத்தில் உட்கார்ந்து தின்ற பேக்கன் இருக்கிறதே, அது அவர் வயிற்றில் இருக்கிறது. அதை எந்த எஃபியாலும் பிடுங்க முடியாது. குனிந்த தலைக்குள் டூகல் பேர்ட் ஒரு ராஜாவைப்போலச் சிரித்துக்கொண்டார்.

அப்போது குடிலிலிருந்து இன்னிஸ் கையில் ஒரு காலி டப்பாவோடு ஓடிவந்தான்.

"எஃபிக்கா, நீங்க புகை போட்டுக் கொடுத்த காளான் இன்னிக்கோட தீந்துபோச்சு. நாளைக்கு இவருக்கு எதை பேக்கன்னு சொல்லி வறுக்கட்டும்?"